வங்கியா, கூட்டுறவா, நகையா: மாற்றுத்திறனாளிப் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்ப எந்தக் கடன்?

பிளஸ் டூ முடிவு மே மாதம் வருகிறது. கல்லூரிக் கட்டணத்தை ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்டுக்குள் கேட்கிறார்கள். மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் திறந்தால், குறுவைக்கு உழவு, விதை, உரம், நடவுக் கூலி எல்லாம் இதே வாரங்களில்தான். சம்பா நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுப் பணம் வருவது தை, மாசியில். அந்தப் பணம் பழைய பாக்கிக்கும் கல்யாணம் காட்சிக்கும் போய், ஆனி பிறக்கும்போது வீட்டில் மிச்சம் இருக்காது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் கல்லூரியில் சேர்ப்பது என்பதே கையில் காசில்லாத மாதத்தில் செய்கிற காரியம். ஆனியில் அவசரமாக எடுக்கிற கடன் பத்து வருடம் கூடவே வரும் என்பதை அப்போது யாரும் யோசிப்பதில்லை.

இது எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுதான். மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு இதன் மேல் இன்னொரு கணக்கும் சேர்கிறது. கல்லூரி கொடுக்கிற கட்டண விவரத் தாளை வைத்துத்தான் வங்கி கடன் தருகிறது. அந்தத் தாளில் ஆட்டோ வாடகை இருக்காது. பஸ் படி ஏற முடியாத பெண்ணை நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடிக்கு தினமும் கூட்டிப்போய்க் கூட்டிவரும் அம்மா விடுகிற நடவுக் கூலி இருக்காது. காது மிஷின் பேட்டரி, வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய காலிப்பர் என்ற கால் தாங்கி, அறுவைச் சிகிச்சையால் ஒரு செமஸ்டர் தள்ளிப்போவது எதுவும் இருக்காது. இந்தச் செலவுகளுக்குத்தான் மக்கள் மகளிர் குழுக் கடனுக்கும் தண்டல்காரரிடமும் போகிறார்கள். அதாவது, ரசீது உள்ள செலவுக்கு மலிவான கடன் கிடைக்கிறது, ரசீது இல்லாத செலவு அதிக வட்டிக் கடனில் ஓடுகிறது. படித்து முடித்த பிறகு வேலை கிடைக்கவும் மற்றவர்களைவிடத் தாமதமாகிறது. ஆகவே எந்தக் கடன் என்று பார்க்கும்போது வட்டி விகிதத்தோடு, தவணை எப்போது தொடங்குகிறது, நடுவில் தடங்கல் வந்தால் அந்தக் கடன் எவ்வளவு வளைந்து கொடுக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

என் கட்சி இதுதான்: முதலில் இடம், அடுத்து உதவித்தொகை, அப்புறம் கடன். நம் ஊரில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது. நிர்வாக ஒதுக்கீட்டில் ஒரு இடத்துக்கு முன்பணம் கட்டிவிட்டு, பிறகு கடனுக்கு அலைகிறார்கள்.

கடனைச் சுருக்கும் இடம்

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களுக்கு அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 சதவீத இடம், வயது வரம்பில் 5 ஆண்டு தளர்வு என்று அதில் இருக்கிறது. பொறியியல் கலந்தாய்விலும் மாற்றுத்திறனாளிகளுக்கான சிறப்பு ஒதுக்கீட்டுச் சுற்று பொதுச் சுற்றுக்கு முன்பே முடிந்துவிடும். தேதியைத் தவற விட்டால் பொதுவில்தான் நிற்க வேண்டும்.

நம் பகுதியிலேயே இடத்துக்குப் பஞ்சமில்லை. கும்பகோணம் அரசு கலைக் கல்லூரி, தஞ்சாவூர் சரபோஜி, குந்தவை நாச்சியார், மன்னார்குடி ராஜகோபாலசுவாமி, திருவாரூர் திரு.வி.க. கல்லூரிகளில் கட்டணத்துக்காகக் கடன் வாங்க வேண்டிய அவசியமே பெரும்பாலும் வராது. நீலக்குடியில் மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பொறியியல்தான் வேண்டும் என்றால் செங்கிப்பட்டியில் அரசு பொறியியல் கல்லூரி, பட்டுக்கோட்டையிலும் திருக்குவளையிலும் அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரிகள். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளை 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. வீட்டில் முதல் பட்டதாரி என்றால் கலந்தாய்வில் வாங்கிய இடத்துக்குக் கட்டணச் சலுகை உண்டு, நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் அது போச்சு. அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், பையனுக்குத் தமிழ்ப் புதல்வனில் அதே 1,000. ஆட்டோவுக்குப் போதாதுதான். ஆனால் ரசீது இல்லாத செலவுக்கும் எடுக்கலாம் என்று மாதாமாதம் கையில் வருகிற பணம் இது, ஆகவே அற்பமாக நினைக்க வேண்டாம்.

உதவித்தொகையில் நான் முதலில் விசாரிக்கச் சொல்வது, தொழில்நுட்பப் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ.யின் சக்‌ஷம். ஏ.ஐ.சி.டி.இ. அங்கீகாரம் பெற்ற டிப்ளமோ அல்லது தொழில்நுட்பப் பட்டப்படிப்பில் சேர்ந்த, 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடுள்ள மாணவருக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் போதும், அதாவது ஆசிரியர் வீட்டுப் பிள்ளைக்கும் பல சமயம் கிடைக்கும். கலை அறிவியல் படிப்பவர்களுக்கு மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இருக்கிறது, அதற்கு வருமான வரம்பு 2.5 லட்சம். ஆதிதிராவிடர் குடும்பத்துப் பிள்ளை கலந்தாய்வில் பொறியியல் இடம் வாங்கியிருந்தால், ஆதிதிராவிடர் நலத்துறை வழியாக வரும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையையும் சக்‌ஷத்தோடு ஒப்பிட வேண்டும். அது கட்டாயக் கட்டணம் முழுவதையும் ஏற்கிறது. இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது, எது பெரியதோ அதற்கு மட்டும் விண்ணப்பிக்க வேண்டும். மாற்றுத்திறனாளி என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்கே போட்டுவிட்டு, பெரிய தொகையைக் கோட்டை விட்டவர்கள் எங்கள் பக்கம் உண்டு.

இவை எல்லாவற்றுக்கும் சாவி யு.டி.ஐ.டி. அட்டை, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான தேசியத் தனித்துவ அடையாள அட்டை. 40 சதவீதத்துக்குக் கீழே வெள்ளைக் கோடு, அதற்கு மேல் மஞ்சள், 80 சதவீதத்திலிருந்து நீலம். பழைய புத்தக வடிவ அட்டையை மட்டும் வைத்துக்கொண்டு ஜூலையில் ஓடாதீர்கள். தற்காலிகச் சான்று என்றால் அதன் முடிவுத் தேதி படிப்புக்கு நடுவில் விழுகிறதா என்று பாருங்கள். அப்படி விழுந்தால் மூன்றாம் ஆண்டு உதவித்தொகை தடைபடும்.

வங்கிக் கல்விக் கடன்

இடமும் உதவித்தொகையும் போக மிச்சத்துக்குத்தான் கடன். இங்கே முதல் வாய்ப்பு பொதுத்துறை வங்கியின் கல்விக் கடன். 4 லட்சம் வரை சொத்து அடமானம் கிடையாது, வெளியார் ஜாமீனும் கிடையாது. அப்பாவோ அம்மாவோ கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டால் போதும். 7.5 லட்சத்துக்கு மேலே போனால்தான் வீடோ நிலமோ கேட்பார்கள். படிப்புக் காலமும் அதற்கு மேல் ஓராண்டும் தவணை இல்லை. அப்புறம் 15 ஆண்டு வரை கட்டலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வருடத்துக்கு ஒரு லட்சம் வீதம் நாலு வருடத்தில் 4 லட்சம், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தவணை தொடங்கும் நாளில் முதல் லட்சத்துக்கு ஐந்து வருட வட்டி ஏறியிருக்கும், கடைசி லட்சத்துக்கு இரண்டு வருடம். தனி வட்டியிலேயே 1.4 லட்சம். ஆக 5.4 லட்சத்தைப் பத்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 7,100 ரூபாய். ஒரு வருடம் பின்தங்கினால் இன்னும் 40,000 வட்டி ஏறி, தவணை 7,600ஐத் தாண்டும். முதல் வேலையில் 15,000 சம்பளம் வாங்கும் பிள்ளைக்கு அது பாதிச் சம்பளம். இதே மாணவர் சக்‌ஷம் வாங்கினால் கடன் 2 லட்சமாகக் குறைகிறது. வட்டி மானியமும் கிடைத்தால் தவணை மாதம் 2,600 சொச்சம்தான். படிப்பும் அதேதான், கல்லூரியும் அதேதான்.

அந்த வட்டி மானியம் என்பது 2009-10லிருந்து இருக்கிற மத்திய அரசுத் திட்டம். பெற்றோர் ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் என்றால் படிப்புக் காலத்துக்கும் அடுத்த ஓராண்டுக்கும் உள்ள வட்டியை அரசே கட்டும். தொழிற்கல்வி, தொழில்நுட்பப் படிப்புகளுக்கு மட்டும்தான், பி.ஏ., பி.எஸ்சி.க்கு இல்லை. கல்லூரிக்கோ படிப்புக்கோ உரிய தர அங்கீகாரம் இருக்க வேண்டும். மாற்றுத்திறனாளிக் குடும்பங்கள் இதில் கவனிக்க வேண்டிய விதி ஒன்று இருக்கிறது. நடுவில் படிப்பை நிறுத்தினால் மானியம் போய்விடும், ஆனால் மருத்துவக் காரணத்தால் நிறுத்தியதாக ஆவணம் காட்டினால் போகாது. ஆகவே ஆஸ்பத்திரிச் சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி எதையும் தூக்கிப் போடாதீர்கள். மானியத்துக்குரிய வருமானச் சான்றை முதல் வருடமே வங்கியில் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு அத்தாட்சியும் கேட்டு வாங்குங்கள்.

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பி.எம். வித்யாலட்சுமி இன்னொரு வழி. மத்திய அரசு வெளியிடும் என்.ஐ.ஆர்.எஃப். என்ற கல்லூரித் தரவரிசையை வைத்துத் தேர்ந்தெடுத்த கல்வி நிறுவனங்களில் சேர்ந்தால் அடமானமும் ஜாமீனும் இல்லாமல் கடன். வருமானம் 8 லட்சம் வரை உள்ளவர்களுக்கு 10 லட்சம் வரையான கடனில் 3 சதவீத வட்டிச் சலுகை. திருச்சி என்.ஐ.டி. மாதிரி இடம் கிடைத்தவர்களுக்கு இது நல்ல வழி. ஊர்ப் பக்கத்துச் சின்னத் தனியார் கல்லூரிக்கு இது உதவாது.

வங்கிக் கடனில் எனக்குப் பிடித்தது அதன் விதிகள்தான். குறித்த காலத்தில் படிப்பு முடியவில்லை என்றால் இரண்டு ஆண்டு வரை நீட்டிக்கலாம் என்று இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்திலேயே இருக்கிறது. வேலை இல்லாத காலத்தில் தவணையை ஒத்திவைக்கவும் இடம் இருக்கிறது. உடம்பு எப்போது ஒத்துழைக்கும் என்று சொல்ல முடியாத பிள்ளைக்கு, அரை சதவீதம் வட்டி குறைவதைவிட இந்த இரண்டும் பெரியவை. பிடிக்காதது, விதியில் இருப்பது கவுண்டரில் கிடைப்பதில்லை என்பது.

ஒரு வங்கிக் கிளை மாடியில் இருந்தது, லிஃப்ட் இல்லை. இரண்டு காலிலும் காலிப்பர் போட்ட பெண் கீழே மூன்று சக்கர ஸ்கூட்டரில் உட்கார்ந்திருக்க, அவள் அப்பா மஞ்சள் பையோடு மேலே ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். "மாணவி நேரில் வந்து கையெழுத்துப் போடணும்" என்று மேலே சொன்னார்கள். "வந்திருக்கா சார், வாசல்ல இருக்கா. நீங்க ஒரு எட்டு எட்டிப் பாருங்க" என்று அவர் ஜன்னலைக் காட்டினார். கடைசியில் கடன் பிரிவு அதிகாரியே இறங்கி வந்தார். ஸ்கூட்டர் சீட்டில் பத்திரத்தை வைத்துப் பக்கம் பக்கமாகக் கையெழுத்து வாங்கினார். காற்றுக்குத் தாள் பறக்காமல் அப்பா ஓரத்தில் ஹெல்மெட்டை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். அந்த அதிகாரி நல்லவர், அவ்வளவுதான். இறங்கி வராத கிளைகளும் உண்டு.

பார்வையற்ற மாணவருக்குக் கடன் தர முடியாது, கையெழுத்து மாறும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பார்வையற்றவர்களுக்குக் காசோலை, ஏ.டி.எம்., லாக்கர், சில்லறைக் கடன் எதையும் பாகுபாடு காட்டி மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2008லேயே எல்லா வங்கிகளுக்கும் சொல்லியாயிற்று. வாய்மொழியாக மறுத்தால் எழுத்தில் கேளுங்கள். மாவட்ட முன்னோடி வங்கி மேலாளர், ஆட்சியர் அலுவலகம் நடத்தும் கல்விக் கடன் முகாம், திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாள் என்று மேலே போக வழி இருக்கிறது.

கூட்டுறவு வழியாக வரும் மலிவுக் கடன்

1997இல் மத்திய அரசு தொடங்கிய தேசிய மாற்றுத்திறனாளிகள் நிதி மேம்பாட்டுக் கழகத்தின் கடன் இது. விவரம் தெரிந்தவர்கள் என்.எச்.எஃப்.டி.சி. லோன் என்பார்கள். தமிழ்நாட்டில் மாநிலத் தலைமைக் கூட்டுறவு வங்கி, மத்தியக் கூட்டுறவு வங்கிகள் வழியாக வருகிறது. நமக்குத் தஞ்சாவூர், கும்பகோணம் மத்தியக் கூட்டுறவு வங்கிகள். கல்விக் கடனுக்கு வட்டி வங்கி வட்டியைவிடக் குறைவு. மேலே போட்ட அதே 4 லட்சக் கணக்கில் வட்டி 1.4 லட்சத்தைவிடக் குறைவாகவே வரும். மானியம் கிடைக்காத பி.எஸ்சி., எம்.ஏ. மாணவருக்கும், 4.5 லட்சம் வருமானத்தைக் கொஞ்சம் தாண்டிய குடும்பத்துக்கும் காகிதத்தில் இதைவிட நல்ல கடன் இல்லை.

காகிதத்தில் என்று சொன்னது சும்மா இல்லை. பெட்டிக்கடை, தையல் மிஷின், ஆடு மாடு என்று சுயதொழிலுக்குத்தான் இந்தக் கடனைக் கொடுத்துப் பழக்கம். ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கல்விக்கு என்று படிவம் கேட்டபோது, "படிப்புக்கா? அதுக்குப் பேங்க்ல கேளுங்க தம்பி" என்றார் எழுத்தர். பாவம், அவர் கைக்கு அப்படி ஒரு மனு வந்ததே இல்லை. அரசு ஊழியர் ஜாமீன் கேட்பதும் உண்டு. கூலி வேலை செய்யும் குடும்பத்துக்கு எந்த அரசு ஊழியர் கையெழுத்துப் போடுவார்? அதனால் ஜூன் மாதம் இதை நம்பி உட்கார முடியாது. பிளஸ் டூ படிக்கும்போதே மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டுவைத்து, இரண்டாம் ஆண்டுக் கட்டணத்துக்கு வரும்படி திட்டமிட்டால் பலிக்கும்.

நகை, குழு, தண்டல்

நகைக்கடன் அரை மணியில் கிடைக்கும். ஏன் எதற்கு என்று கேட்க மாட்டார்கள். டெல்டாவில் சாகுபடியே நகைக்கடனில் ஓடுகிறது என்பதால் இது கடனாகவே யாருக்கும் படுவதில்லை. ஆனால் இதில் படிப்பு முடியும்வரை காத்திருக்கும் பேச்சே கிடையாது. ஆண்டுக்கு ஒருமுறை வட்டி கட்டி மாற்றி வைக்க வேண்டும், அந்த வட்டியும் அறுவடையை நம்பித்தான். கஜா புயல் 2018 நவம்பரில் அடித்தபோது வேதாரண்யம், பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்பை நம்பி நகை வைத்தவர்கள் பட்ட பாடு ஊருக்கே தெரியும். பிள்ளையின் படிப்பையும் வானத்தையும் ஒரே முடிச்சில் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இருந்தாலும் நகைக்கு ஓர் இடம் உண்டு. உதவித்தொகை வரும், ஆனால் கட்டணத் தேதிக்கு வராது. சக்‌ஷம் பணம் ஆதார் இணைத்த கணக்கில் விழும்வரை கல்லூரி காத்திருக்காது. அந்தச் சில மாத இடைவெளிக்கு நகையை வைத்து, பணம் வந்ததும் மீட்பது புத்திசாலித்தனம். நாலு வருடக் கட்டணத்துக்கும் நகையையே வைப்பது வேறு கதை. தவிர, மாற்றுத்திறனாளிப் பெண் இருக்கிற வீட்டில் அந்த நகை பெரும்பாலும் அவள் பெயரைச் சொல்லிச் சேர்த்தது. அதை வைக்கும்போது அவளையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

குழுக் கடனும் தண்டலும் கட்டணத்துக்கு வேண்டவே வேண்டாம்.

யாருக்கு எது

அரசு கலைக் கல்லூரி, வீட்டிலிருந்தே போய்வரலாம் என்றால் கட்டணத்துக்குக் கடனே வேண்டாம். போக்குவரத்துச் செலவை மட்டும் பாருங்கள். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வருபவருக்கும் கட்டணம் இல்லை. கால் குறைபாடு உள்ளவர் இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டருக்கு நல அலுவலகத்தில் மனுப் போடலாம், அது கிடைத்தால் அம்மாவின் கூலி மிஞ்சும்.

கலந்தாய்வில் கிடைத்த தனியார் பொறியியல் இடம், வருமானம் 4.5 லட்சத்துக்குள் என்றால் வங்கிக் கடன், அதுவும் சக்‌ஷம் கழித்த மிச்சத்துக்கு மட்டும். வருமானம் அதைத் தாண்டினால், அல்லது படிப்பு மானியத்துக்குள் வராவிட்டால், முதல் ஆண்டை வங்கியில் தொடங்கி, கூட்டுறவுக் கடனுக்கும் சேர்த்து முயற்சி செய்யலாம். படிக்கும்போதே வட்டியைக் கட்டிவந்தால் வங்கிகள் 1 சதவீதம் குறைப்பது வழக்கம். தையில் நெல் பணம் வரும்போது ஒரு வருட வட்டியைக் கட்டிவிட்டால் அசல் வீங்காது. நிர்வாக ஒதுக்கீட்டு இடத்துக்காக எந்தக் கடனும் வாங்க வேண்டாம் என்பேன். அதே படிப்பு உறுப்புக் கல்லூரியில் இருக்கும்போது, கல்லூரி பஸ் வாசலுக்கே வரும் என்ற ஒரு காரணத்துக்காக நாலு லட்சம் கடன் என்பது பேராசை பிடித்த விலை. பஸ்ஸுக்குப் படி தாழ்வாக இருக்கிறதா என்று அவர்களிடம் யாரும் கேட்பதுமில்லை.

தள்ளுபடியை யாரும் எதிர்பார்க்காதீர்கள். அமெரிக்காவில், நிரந்தரமாக வேலைக்குப் போக முடியாத இயலாமை என்று சான்று காட்டினால் அரசு கொடுத்த மாணவர் கடனை ரத்து செய்யும் ஏற்பாடு இருக்கிறது. இங்கே அப்படிக் கிடையாது. மாணவருக்கு ஏதாவது ஆனால் கூட்டுக் கடன்தாரரான அப்பா அம்மா தலையில்தான் விழும். தேர்தலுக்குத் தேர்தல் வரும் வாக்குறுதியை நம்பித் தவணையை நிறுத்தியவர்களுக்கு சிபில் மதிப்பெண் விழுந்து, அப்பாவுக்கு டிராக்டர் கடன்கூட மறுக்கப்பட்டதுதான் மிச்சம்.

வேலை கிடைக்காமல் ஓராண்டு ஓடிவிட்டால் கிளைக்குப் போக வெட்கப்பட வேண்டாம். முதல் தவணைத் தேதிக்கு முன்பே, வேலை இல்லை, தவணையை ஒத்திவைக்கக் கோருகிறேன் என்று எழுத்தில் கொடுத்து, யு.டி.ஐ.டி. நகலையும் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு அட்டையின் நகலையும் இணைத்து, இன்னொரு பிரதியில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மூன்று தவணை நின்று கணக்கு வாராக்கடன் ஆன பிறகு கொடுக்கிற அதே மனுவுக்கு மதிப்பே இருக்காது.